அந்தப் படத்தில் நூல் இல்லை

வேலைக்காலம் முழுக்கப் பறவைகளின் அக்குளைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "பொண்ணுக்கு என்ன வேலை?" என்று அவர்கள் கேட்க, என் அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கவர்மென்ட் மாதிரி ஒரு ஆபீஸ்" என்று சொல்லிச் சமாளித்தார். கவர்மென்ட்டும் இல்லை, அது மாதிரியும் இல்லை. பறவைகளைக் கணக்கெடுக்கும் ஓர் ஆய்வு நிறுவனம். ஊர் ஊராகப் பறவை பார்ப்பவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். அது என்ன பறவை என்று அவர்கள் எழுதியிருப்பது சரியா, எந்த அளவுக்குச் சரி என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. மட்டாஞ்சேரியில் வீடு, எர்ணாகுளத்தில் ஆபீஸ், நடுவில் காயலைக் கடக்கப் படகு.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கமே போவதில்லை என்றுதான் இருந்தேன். போன மாதம் அனு வீட்டுக்கு வந்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தாள். ஆபீஸில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். படத்தைக் கொடுத்தால் பறவையின் பெயரை, துணையினம் வரைக்கும், சதவீதம் போட்டுச் சொல்லிவிடுமாம். பழைய படங்களையெல்லாம் அதில் ஓட்டிப் பார்த்தபோது, கும்பளங்கி என்ற ஊரில் எடுத்து, நான் கையெழுத்துப் போட மறுத்த ஒரு படத்துக்கு அது ஓர் அபூர்வப் பறவையின் பெயரைக் கொடுத்துவிட்டதாம்.

"மேடம், நீங்க சம்மதிச்சா பதிவை மாத்திடலாம். அங்கே இப்பவும் பிரச்னையாக்கும். இந்தப் பேர் இருந்தா அந்த எடத்துக்கு உபகாரமா இருக்கும்" என்றாள்.

அவள் கேட்டது ஒன்றும் தப்பில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் வந்தது என்பதை நானே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிழவிக்கு வீம்பு என்று முடித்துவிடுவார்கள். வீம்புதான். அதற்குக் காரணமும் இருக்கிறது.

அத்தாவுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. கல்யாணப் பெண்களின் முகத்தில் இருக்கும் பருவையும் தழும்பையும் டச்சிங் பென்சிலால் அழிப்பதில் அவர் கெட்டிக்காரர். அத்தா கை வைத்த பிறகு எல்லாப் பெண்களும் ஒரே பெண்ணாக இருப்பார்கள். வெள்ளை வேட்டி கட்டிய மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தால், வேட்டியின் மடிப்பெல்லாம் போய் ஒரு வெள்ளைப் பலகையாக விழும். "வெள்ளை எரிஞ்சு போச்சு" என்பார் அத்தா. எரிந்துபோன வெள்ளையில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிற்பாடு விலங்கியல் படித்தேன், வேலைக்கு மனுப்போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் என் தொழிலின் முதல் பாடம் அந்த வேட்டிதான்.

இரண்டாவது பாடம் ராமசேஷன் சார். பாலக்காட்டுக்காரர், எங்கள் பிரிவின் தலைவர். அவரிடம் ஒரு படத்தைக் கொண்டுபோனால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். பறவை என்று நினைத்துப் பார்த்தால் மனசு பெயரைத் தேடி ஓடிவிடும், தலைகீழாக இருந்தால் வெறும் நிறமும் கோடும்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பிறகு நடுவில் ஓட்டை போட்ட ஒரு போஸ்ட்கார்டை எடுத்து, பறவையை முழுக்க மறைத்து, இறக்கையின் ஒரு துண்டை மட்டும் காட்டுவார்.

"என்ன பட்சின்னு கேக்கலை, சபியா. என்ன பாக்கறேன்னு கேட்டேன்."

"பழுப்புக் கோடு சார்."

"எத்தனை அழுத்தம்? ஓரம் வரைக்கும் போறதா, நடுவுல நின்னுடறதா? கேட்டியா, நீ பாத்ததை மாத்திரம் சொல்லு. பாக்காததை நான் பாத்துக்கறேன்."

பறக்கும் பறவையின் படம் என்றால் அவர் பிடி இன்னும் கடுமை. உட்கார்ந்திருக்கும் பறவை ஓரளவு யோக்கியமானது. பறப்பது அப்படியில்லை. இறக்கையை உயர்த்தும்போது நீளமாகத் தெரிவது தாழ்த்தும்போது குட்டையாகிவிடும். இறகு உதிர்க்கும் பருவத்தில் இரண்டு இறகு குறைந்தால் இறக்கையின் வடிவமே வேறு. கீழே சேறு இருந்தால் வயிறு இருட்டும், தண்ணீர் இருந்தால் வெளிச்சம் மேலே அடித்து வயிறு வெளுக்கும். அதனால் சார் முதலில் பறவையைப் பார்க்கவே விடமாட்டார். வெயில் எந்தப் பக்கம், கீழே என்ன, அதே படத்தில் நமக்குத் தெரிந்த பொருள் ஏதாவது உண்டா, இதற்கு முன்னால் எடுத்த படமும் பின்னால் எடுத்த படமும் எங்கே என்று கேட்பார். ஒற்றைப் படத்தை மட்டும் நீட்டுகிறவர்களிடம் அவருக்கு ஒரு சிரிப்பு உண்டு. வரன் போட்டோ பார்த்துச் சிரிப்பாரே தரகர், அந்தச் சிரிப்பு.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் கொண்டுவந்த ஒரு விதி இருந்தது. ஒரு பதிவில் துணையினத்தின் பெயர் ஏற வேண்டுமானால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பதிவு ஒரு படி கீழே இறங்கி, இனத்தின் பெயரோடு நின்றுவிடும். மறுப்பது ஆபீஸ் தலைவராக இருந்தாலும் கடைசியாகச் சேர்ந்தவராக இருந்தாலும் ஒன்றுதான்.

"நாளைக்கு நானே தப்பு பண்ணுவேன். அன்னைக்கு என்னைப் பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் வேணும்" என்பார். அந்த ஆள் நானாக இருப்பேன் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைக்கவில்லை.

அவர் ஓய்வு பெற இருந்த வருடம் கும்பளங்கியிலிருந்து ஜோசி வந்தான். மழைக்காலத்தில் நெல்லும் மழை விட்டபின் இறாலுமாக மாறி மாறி விளையும் உப்பு வயல்கள் அங்கே உண்டு. அப்படி ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து இறால் விட்டிருந்தவன் ஜோசி. பறவைப் படம் எடுப்பதில் பைத்தியம். அந்த வயல்களையெல்லாம் மண்ணடித்து நிரப்பிக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. ஊரில் எதிர்ப்பு, விசாரணைக்கு ஒரு குழு, எல்லாம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஜோசி பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து சாரின் மேஜையில் வைத்தான்.

சின்னக் கோட்டான். கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்க வேண்டாம். இது கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை. தெற்றிக்கொக்கன் என்று மலையாளத்தில் சொல்வார்கள். குளிர்காலத்தில் எங்கள் காயல் ஓரமெல்லாம் சேற்றைக் குத்திக்கொண்டு திரியும், அபூர்வம் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் ஒரு துணையினம் உண்டு. மத்திய ஆசியப் புல்வெளிகளில் முட்டையிடுவது. அழிந்தேவிட்டது என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்டுபிடித்தார்கள். சாதாரணக் கோட்டானுக்கு அக்குளில் பழுப்பு வரிகள் இருக்கும். புல்வெளிக் கோட்டானுக்கு அக்குள் சுத்த வெள்ளை. அது பறக்கும்போதுதான் தெரியும்.

ஜோசியின் படத்தில் பறவை இறக்கையை முழுக்க உயர்த்தியிருந்தது. அக்குள் பால் போல வெள்ளை.

சார் படத்தைத் தலைகீழாகத் திருப்பவில்லை. நான் அதைக் கவனித்தேன். போஸ்ட்கார்டையும் எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்து, "அடடா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் ஜோசியிடம் கேட்டேன், "முன்னாடி பின்னாடி எடுத்த படமெல்லாம் எங்கே?"

அவன் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்; இத்தா என்றால் அக்கா. "அதெல்லாம் மங்கல், இத்தா. தலை வெட்டுப்பட்டது, வால் வெட்டுப்பட்டது. அழிச்சுட்டேன். நல்லது இது ஒண்ணுதான்."

பறவைப் படக்காரர்கள் அத்தனை பேரும் செய்கிற காரியம் இது. பத்து அசிங்கமான படங்களை அழித்துவிட்டு ஓர் அழகான படத்தை வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு வேண்டியது அந்த அசிங்கங்கள்தான். கேமராவிலிருந்து வந்த மூலப் படமாவது இருக்கிறதா என்றேன். அதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டுப் புள்ளிகளை நீக்கிச் சுத்தம் செய்த பிரதிதான் இருந்தது. சுத்தம் என்று அவன் சொன்னதும் எனக்கு அத்தாவின் டச்சிங் பென்சில் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வார முடிவில் நான் கும்பளங்கிக்குப் போனேன். ஜோசி படம் எடுத்த வரப்பில், அவன் நின்ற அதே இடத்தில், அதே முன்பகல் வெயிலில் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே வயலின் குறுக்காக, கம்புக்குக் கம்பு நைலான் நூல் கட்டியிருந்தது. நீர்க்காகம் இறங்கி இறாலைத் தின்னாமல் இருக்க எல்லா இறால்காரர்களும் கட்டுகிற நூல். வெயிலில் பளிச்சென்று மின்னியது.

"ஜோசி, இந்த நூல் எப்ப கட்டினது?"

"வயலுக்குத் தண்ணி ஏத்தினப்பவே கட்டினேன் இத்தா. ஒவ்வொரு வருஷமும் கட்றதுதானே."

"படம் எடுத்த அன்னைக்கு இருந்துச்சா?"

"இல்லாம? அவிழ்த்தா எனக்கு இறால் மிஞ்சுமா?"

கையில் வைத்திருந்த படத்தை அவனிடம் நீட்டினேன். கோட்டானுக்குப் பின்னால் இருந்தது வெறும் வானம். நூல் இல்லை.

அவன் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான். பிறகு அவனே கேமராவை எடுத்து அந்த இடத்தை மறுபடி எடுத்தான். மூலப் படத்தில் நூல் மெல்லிய கோடாக விழுந்திருந்தது. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எப்போதும்போலச் சுத்தம் செய்தான். நூல் போய்விட்டது. வானம் அழகாக இருந்தது.

இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை சாரின் முன்னால் வைத்தேன். அவர் முட்டாள் இல்லை. பார்த்ததும் புரிந்துகொண்டார். ஆனால் விடவில்லை.

"நூல் தூரத்துல இருக்கு, பட்சி கிட்டக்க இருக்கு. நூல் போனா வரியும் போயிருக்கணும்னு இல்லையே?"

"இல்லே சார். போயிருக்கலாம். அதான் நான் சொல்றது."

"அப்போ இது சாதாரணக் கோட்டான்னு சொல்றயா?"

"அதையும் சொல்லலே. இந்தப் படத்தை வச்சு ரெண்டும் சொல்ல முடியாது."

"சபியா, நீ கையெழுத்துப் போடலேன்னா அந்த நிலம் போயிடும். தெரியுமோல்லியோ? அந்தப் பையன் நடுத்தெருவுல நிப்பான். அந்தப் பாபம் உன் தலையிலயாக்கும்."

ஜோசியின் வயல் எனக்கு மட்டும் வேண்டாமா? அதன் வரப்பில் நின்றுவிட்டு வந்தவள் நான். சாரிடம் எதிர்த்துப் பேசியதும் அதற்கு முன்னால் கிடையாது. ஆனால் அவர் எந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தாரோ அதையே விழுங்கச் சொல்கிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நிலம் வேணும்னா நிலத்துக்காகச் சண்டை போடலாம் சார், நானும் வர்றேன். பறவையைப் பொய் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

அவர் நினைத்திருந்தால் என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. தாளை இழுத்து, தன் கையெழுத்தின் மேல் தானே ஒரு கோடு போட்டு, "விதி விதிதான்" என்றார். ஓய்வு பெறும் வரைக்கும் வேலை விஷயம் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனுஷரை நான் இன்றும் மதிக்கிறேன் என்றால் அந்தக் கோட்டுக்காகத்தான்.

அதற்கு மேல் நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க விடுமுறை நாளெல்லாம் கும்பளங்கி வரப்பில்தான் கிடந்தேன். என்னென்ன பறவை, எந்தச் சேற்றில் இறங்குகிறது, காயலில் நீர் ஏறும்போது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து அறிக்கை எழுதினேன். எல்லாம் சாதாரணப் பறவைகள். ஒன்றில்கூட பத்திரிகைக்காரன் மதிக்கிற மாதிரி பெயர் கிடையாது.

விசாரணை நாளன்று கம்பெனி வக்கீல் எழுந்தார். ஜோசியின் படம் அதற்குள் பேப்பரில் வந்திருந்தது. அதைத் தவிடுபொடியாக்க ஒரு நிபுணரையே பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

"அழிஞ்சுபோன பறவை ஒண்ணு வந்திருக்காமே, அது உண்மையா?"

"தெரியாது" என்றேன்.

"அப்போ பொய்?"

"பொய்யுன்னும் நான் சொல்லலே. அந்தப் படத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. உங்க பக்கத்துல இருக்கறவராலயும் முடியாது, கேட்டுப் பாருங்க."

நிபுணர் தன் தாள்களைப் பைக்குள் வைத்தார். கூடத்தில் இரண்டு பக்கமும் என்னை முறைத்தார்கள். அபூர்வப் பறவையை நம்பி வந்திருந்த ஊர்க்காரர்களுக்கு நான் துரோகி, கம்பெனிக்கு நான் இடைஞ்சல். அப்புறம் என் அறிக்கையைப் பேச எடுத்தார்கள். அதில் உடைக்க ஒன்றும் இல்லை.

ஜெயித்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். சாலையை ஒட்டிய பாதி வயலை நிரப்ப அனுமதித்து, காயலை ஒட்டிய பாதியைத் தொடக்கூடாது என்றார்கள். ஜோசியின் குத்தகை சாலைப் பக்கம் இருந்தது. "இத்தா கையெழுத்துப் போட்டிருந்தா முழுசும் தப்பிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சில வருடங்கள் பேசவில்லை. அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். அப்படியே இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

சார் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வரைக்கும் அது புல்வெளிக் கோட்டான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் படத்தோடுதான் போன மாதம் அனு வந்து நின்றாள். காயல் பக்கத்துப் பாதிக்கும் மறுபடி ஆள் வந்திருக்கிறது, மறுபடி விசாரணை. அவளுடைய லேப்டாப்பில் அதே கோட்டான், அதே நூலில்லாத வானம், பக்கத்தில் அபூர்வப் பெயர்.

"இதைக் கொஞ்சம் இருட்டாக்கு" என்றேன்.

இருட்டாக்கி மறுபடி அந்த மென்பொருளுக்குக் கொடுத்தாள். சாதாரணக் கோட்டான் என்றது. இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்கச் சொன்னேன். மறுபடி அபூர்வம்.

"மேகம் மறைச்சா துணையினம் மாறிடுமா, அனு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நான் என்ன எழுதட்டும், மேடம்?"

"தெரியாதுன்னு எழுது."

"அதுல தெரியாதுன்னு ஒரு பட்டனே இல்லை மேடம்."

என் கோபத்துக்குக் காரணம் இதுதான். இயந்திரம் தப்பு செய்வதில் எனக்கு வருத்தம் இல்லை, நாங்களும் செய்திருக்கிறோம். தெரியாது என்று சொல்லும் இடத்தையே எடுத்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சம்மதம் கிடையாது, பதிவு இருந்தபடி இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். சாயா டம்ளரைக் கழுவி வைத்ததும் ஜோசிக்குப் போன் செய்தேன்.

அவன் ஒன்றும் மறந்திருக்கவில்லை. "இப்பவாவது கையெழுத்துப் போடறீங்களா?" என்று கேட்டான். மாட்டேன், கேமராவை எடுத்துக்கொண்டு காயல் பக்கத்து வரப்புக்கு வா என்றேன். திட்டிக்கொண்டே வந்தான். மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். எனக்கு முட்டி வலி, அவனுக்குச் சர்க்கரை. அவன் எடுக்கிற ஒரு படத்தையும் அழிக்க நான் விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டான் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே கூவிக்கொண்டு போனது. ஜோசி விடாமல் எடுத்தான். தலை வெட்டுப்பட்டது, வால் வெட்டுப்பட்டது, மங்கல், நடுவில் இரண்டு தெளிவு. வரப்பிலேயே உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தோம். பக்கத்து வயலின் நூல் வானத்தில் முடி போலத் தெரிந்தது. எத்தனை அக்குள் தெரிந்ததோ அத்தனையிலும் பழுப்பு வரி, ஓரம் வரைக்கும்.

"சாதாரணம்தான், இத்தா" என்றான் ஜோசி.

அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

விசாரணைக்குக் கொடுக்க ஓர் அறிக்கையைத் தயார் செய்துவிட்டேன். சின்னக் கோட்டான், வழக்கமாக வருவது, இந்த வருடமும் இங்கே வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அசிங்கமான படங்கள் உட்பட எல்லாப் படங்களும் கூடவே இருக்கின்றன. அடியில் என் கையெழுத்து. சார் பழக்கிய இரண்டாவது கையெழுத்துக்கு இடம் விட்டு, தாளை ஜோசியின் முன்னால் நீட்டினேன். அவன் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தானே மறுபடி பார்த்தான். என்னைக் காக்கவைத்துவிட்டுத்தான் போட்டான்.